கல்பாக்கமும் இரட்டைத் தராசும்

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே கடலோரம் கல்பாக்கம் அணுமின் நிலையம் உள்ளது. கனடா வழங்கிய உலையின் புளுட்டோனியத்தால் 1974இல் பொக்ரான் சோதனை நிகழ்ந்ததும், விற்றவர்களே கதவடைத்தனர். கல்பாக்கத்தின் முதல் உலை நம்மவர் உழைப்பால் 1983இல் இயங்கியது. 2008இலோ, அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நம் நாட்டுக்கு அவர்களே விலக்களித்தனர். பொருள் மாறவில்லை, தேவை மாறியது.

ஈராக்கில் இதே தராசு உயிர்களைக் குடித்தது. சதாம் ஈரானோடு பொருதிய 1980களில் நச்சுவாயுவின் மூலப்பொருள்களை மேலைநாட்டு நிறுவனங்கள் விற்றன. 1988இல் ஹலப்ஜாவில் ஆயிரக்கணக்கான குர்துகள் மடிந்தனர். 2003இல் பேரழிவு ஆயுதம் எனக் கூறிப் படையெடுத்தோர்க்கு அக்குவியல் கிடைக்கவேயில்லை. 2005இல் ஹேக் நீதிமன்றம் டச்சு வணிகர் ஒருவரைத் தண்டித்தது. கண்மூடியிருந்த அரசுகள் கூண்டேறவில்லை.

நாம் சலுகை கேட்கவில்லை. வாங்குபவரின் முகம் பாராது விற்பவரையும் நிறுக்கும் ஒரே தராசைக் கேட்கிறோம்.