ஜைக்ரிஸ் ஆய்வுக் கட்டுரை: ஒரு மறுவாசிப்பு

செப்சிஸ் பற்றிக் குறிப்பெடுக்க ஆரம்பித்தால் எந்த வழியாகப் போனாலும் ஒரு கட்டுரையில் வந்து முட்ட வேண்டியிருக்கிறது. 2001 மார்ச் மாதம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் கார்டன் பெர்னார்டும் அவர் குழுவும் எழுதிய புரோவெஸ் ஆய்வுக் கட்டுரை அது. எலி லில்லி கம்பெனியின் ஜைக்ரிஸ் என்ற மருந்து, கடும் செப்சிஸில் சாவைக் குறைக்கிறது என்று சொன்ன கட்டுரை. பத்து வருஷம் கழித்து, 2011 அக்டோபரில், அந்த மருந்தைக் கம்பெனியே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது.

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். இந்தக் கட்டுரையை ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டைப் படிக்கிற மாதிரிதான் படித்தேன். மருந்து தோற்றது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதை ஏன் இவ்வளவு பேர் இவ்வளவு சீக்கிரம் நம்பினார்கள் என்பதுதான் என் கேள்வி.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். கிருமி ரத்தத்தில் நுழைந்ததும் வெள்ளையணுக்களில் ஒரு வகையான மோனோசைட்டுகள், திசுக் காரணி என்ற புரதத்தைத் தங்கள் மேற்பரப்பில் நீட்டுகின்றன. அதுதான் ரத்த உறைதலுக்கான சுவிட்ச். அதிலிருந்து த்ராம்பின், த்ராம்பினிலிருந்து ஃபைப்ரின் நூல், நூலிலிருந்து கட்டி. இதற்கு உடம்பிலேயே ஒரு பிரேக் இருக்கிறது. ரத்தக்குழாயின் உள்சுவரில் இருக்கும் த்ராம்போமாடுலினோடு த்ராம்பின் சேர்ந்தால், அது புரோட்டீன் சி-யைத் தூண்டிவிடும். தூண்டப்பட்ட புரோட்டீன் சி, உறைதலுக்குத் தேவையான ஐந்தாம், எட்டாம் காரணிகளை வெட்டிப்போடும். செப்சிஸில் உள்சுவர் கெட்டுப்போகிறது, புரோட்டீன் சி அளவும் இறங்குகிறது. பிரேக் பிடிக்காத வண்டி மாதிரி, உடம்பெங்கும் நுண்குழாய்களில் ரத்தம் உறைகிறது. கிட்னி, நுரையீரல் எல்லாம் அடிவாங்குகிறது.

அப்படின்னா என்ன செய்யணும்? பிரேக்கை வெளியிலிருந்து கொடுக்கணும். ஜைக்ரிஸ் என்பது ஆய்வகத்தில் தயாரித்த, தூண்டப்பட்ட புரோட்டீன் சி. இதைவிடத் தெளிவான கதை மருத்துவத்தில் அபூர்வம். ஒரு வெள்ளைப் பலகையில் ஐந்து நிமிஷத்தில் வரைந்து காட்டிவிடலாம்.

இப்போது எண்கள். மருந்து பெற்ற 850 பேரில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 24.7 சதவீதம். பிளசிபோ பெற்ற 840 பேரில் 30.8 சதவீதம். அதாவது 16 பேருக்குக் கொடுத்தால் ஓர் உயிர் மிச்சம். செப்சிஸ் ஆய்வுகளில் வரிசையாகத் தோல்விகளையே பார்த்துவந்த காலம் அது. கொண்டாடினார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

ஆனால் திட்டமிட்டது 2,280 பேர். 1,520 பேரின் இடைக்கால முடிவைப் பார்த்து ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். முன்பே வகுத்த விதிப்படிதான் நிறுத்தினார்கள், அதில் முறைகேடு இல்லை. ஆனால் நல்ல முடிவு தெரிகிற நேரத்தில் நிறுத்தும் ஆய்வுகள் பலனைப் பெரிதாகக் காட்டும் வாய்ப்பு அதிகம். ஸ்கோர் ஏறி நிற்கும்போது ஆட்டத்தை முடிப்பது போலத்தான்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. 720 பேர் சேர்ந்த பிறகு ஆய்வு விதிகளைத் திருத்தினார்கள். வேறு நோயால் எப்படியும் இறந்துவிடக்கூடியவர்களை விலக்கும்படி சேர்க்கை விதிகள் மாறின. பிளசிபோ உப்புநீரிலிருந்து ஆல்புமினுக்கு மாறியது. மருந்தைத் தயாரிக்கும் செல் வங்கியும் கிட்டத்தட்ட அதே காலத்தில் மாறியது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நியாயம் சொல்லலாம். ஆனால் திருத்தத்துக்கு முன் சேர்ந்தவர்களில் பலன் மிகச் சிறியது, ஏறக்குறைய முழுப் பலனும் திருத்தத்துக்குப் பின் வந்தவர்களிடம்தான். எங்கள் வேலையில் ஒரு ரிலீஸுக்கு நடுவில் டெஸ்ட் கேஸையும், டெஸ்ட் டேட்டாவையும், பில்டையும் சேர்த்து மாற்றிவிட்டு, "இப்ப பாஸ் ஆயிடுச்சு"ன்னு சொன்னா யாரும் கையெழுத்துப் போடமாட்டாங்க. மறுபடியும் முதலிலிருந்து ஓட்டச் சொல்வாங்க.

அமெரிக்க எஃப்டிஏ-வின் ஆலோசனைக் குழுவிலும் இந்தச் சந்தேகம் வந்தது. 2001 அக்டோபரில் வாக்கெடுப்பு 10-க்கு 10 என்று சமமாகப் பிரிந்தது. பாதிப் பேர் இன்னொரு ஆய்வு வேண்டும் என்றார்கள். அடுத்த மாதமே, சாவு அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. ஒரு நோயாளிக்கு கிட்டத்தட்ட 7,000 டாலர் செலவு. 2004-ல் வந்த சர்வைவிங் செப்சிஸ் வழிகாட்டுதலிலும் மருந்து இடம்பெற்றது. அந்த இயக்கத்துக்குப் பெரும்பணம் எலி லில்லியிடமிருந்து வந்ததை 2006-ல் ஐச்சாக்கரும் சக ஆய்வாளர்களும் அதே ஜர்னலில் கடுமையாக விமர்சித்தார்கள்.

பணம் ஒரு காரணம்தான். ஆனால் எல்லாப் பழியையும் பணத்தின் மேல் போட்டுவிட்டால் பாடம் தப்பிவிடும் என்று நினைக்கிறேன். எண்களில் இருந்த ஓட்டையைக் கதை அடைத்தது. "உறைதலால் சாகிறார்கள், உறைதலைத் தடுத்தோம், பிழைத்தார்கள்" என்று கேட்டதும் மனசு நிறைந்துவிடுகிறது. புரோவெஸ் ஆய்வு சோதித்தது மருந்தைத்தான், இந்தக் கதையை இல்லை.

கதைக்கு எதிரான சாட்சி பத்து வருஷம் முன்பே இருந்தது. ஓக்லஹோமாவில் ஃப்ளெட்சர் டெய்லர், சார்லஸ் எஸ்மன் குழு 1987-ல் பபூன் குரங்குகளுக்கு ஈ.கோலை கிருமியைச் செலுத்தி, தூண்டப்பட்ட புரோட்டீன் சி காப்பாற்றுகிறது என்று காட்டியது. ஜைக்ரிஸின் வேர் அங்கேதான். அதே டெய்லரின் குழு 1991-ல், செயலற்றதாக்கிய பத்தாம் காரணியைக் கொடுத்து உறைதலை மட்டும் தடுத்துப் பார்த்தது. உறைதல் நின்றது. ஆனால் அதிர்ச்சி நிலையும் உறுப்புச் சேதமும் நிற்கவில்லை. அப்படியானால் புரோட்டீன் சி குரங்குகளைக் காப்பாற்றியது உறைதலைத் தடுத்ததாலா, வேறு எதனாலா? இந்தக் கேள்வியை முன்னால் வைத்திருந்தால், கதையை இவ்வளவு சுலபமாக விழுங்கியிருக்க முடியாது.

மனிதர்களிலும் பதில் வந்துகொண்டே இருந்தது. உறைதலைத் தடுக்கும் ஆன்டித்ராம்பினை 2,314 பேரிடம் சோதித்த கைபர்செப்ட் ஆய்வு அதே 2001-ல் வெளியானது. இறப்பு 38.9-க்கு 38.7 சதவீதம். பலன் இல்லை, ரத்தக்கசிவு மட்டும் கூடியது. 2003-ல் டிஃபாகோஜின்: 34.2-க்கு 33.9. மூன்று மருந்தும் வெவ்வேறு இடத்தில் உறைதலைத் தடுக்கின்றன. கதை சரியென்றால் மூன்றில் ஒன்றுதான் ஜெயிக்கணும்னு என்ன அவசியம்?

கடைசியில் ஐரோப்பிய மருந்து ஆணையம் கேட்டதால் இன்னொரு பெரிய ஆய்வு நடந்தது. 1,697 பேர். மருந்து பெற்றவர்களில் 26.4 சதவீதம், பிளசிபோவில் 24.2 சதவீதம் இறந்தார்கள். புள்ளியியல்படி வித்தியாசமில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது இதன் உள்ளே இருக்கும் ஒரு வரி: புரோட்டீன் சி மிகவும் குறைந்திருந்தவர்களிடமும் பலன் தெரியவில்லை. கதைப்படி அதிகம் பலன் பெற வேண்டியவர்கள் அவர்கள்தானே?

கதையில் விடுபட்டது என்ன? உறைதல் வெறும் பிரேக் போன வண்டி இல்லை. அது எதிர்ப்பு அமைப்பின் ஓர் ஆயுதமும்கூட. குதிரைலாட நண்டின் ரத்தத்தில் ஒரே வகை அணுதான் இரண்டு வேலையையும் செய்கிறது. எண்டோடாக்சின் பட்டதும் கிருமியைச் சுற்றி ரத்தம் கூழாகிறது. நம் உடம்பில் நியூட்ரோஃபில்கள் தங்கள் டிஎன்ஏ-வையே வலையாக வீசுவதை 2004-ல் பிரிங்க்மனும் சைக்லின்ஸ்கியும் காட்டினார்கள். தட்டணுக்கள் அந்த வலையைத் தூண்டிவிடுகின்றன, ஃபைப்ரின் அதோடு பின்னிக்கொள்கிறது. 2013-ல் எங்கல்மனும் மாஸ்பெர்கும் இதை எதிர்ப்புசார் உறைதல் என்றே விளக்கினார்கள். கொஞ்சமாக இருந்தால் காவல், அளவு மீறினால் சேதம். எந்த நோயாளி எந்த நேரத்தில் கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே பிரேக்கைப் போட்டால், காவலையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம்.

கோவிட் காலத்திலும் இதன் சாயல் தெரிந்தது. 2021-ல் வெளியான பெரிய ஆய்வுகளில், முழு அளவு ஹெப்பரின் ஐசியு அளவுக்குப் போகாதவர்களுக்கு உதவியது, ஐசியு-வில் இருந்தவர்களுக்கு உதவவில்லை. கால் நரம்பில் கட்டி வராமல் இருக்க ஐசியு-வில் போடும் குறைந்த அளவு ஊசி வேறு விஷயம். அதை இதோடு குழப்பி டாக்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

பெர்னார்ட் குழுவின் கட்டுரை பொய் சொல்லவில்லை. எண்களைக் கட்டுரையிலும் கோப்புகளிலும் வைத்தார்கள். அதனால்தான் மற்றவர்களால் கேள்வி கேட்க முடிந்தது. என் குறை வாசித்தவர்கள் மேல். இரண்டாவது ஆய்வை 2001-லேயே கேட்டிருந்தால், பத்து வருஷம் நோயாளிகளுக்கு ரத்தக்கசிவு அபாயத்தையும் பில்லையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை செப்சிஸுக்கு மருந்து என்று செய்தி வரும்போது அம்புக்குறி போட்ட படத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: ஆய்வின் விதி நடுவில் மாறியதா, வேறு யாராவது திரும்பச் செய்து அதே முடிவைப் பார்த்தார்களா.