ஒரு வரிப் பேட்ச்

நிரலைச் சரிசெய்யும் நல்ல பேட்ச் எது என்று கேட்டால், பார்த்ததும் "இவ்வளவுதானா?" என்று கேட்க வைப்பதுதான் என்பேன்.

1990களில் எழுதிய சி நிரல் ஒன்றை இன்றைய கம்பைலரிடம் கொடுத்துப் பாருங்கள். திரை முழுக்க எரர். அறிவிக்காத பங்ஷனை அழைப்பதையும், வகை சொல்லாவிட்டால் 'இன்ட்' என்று வைத்துக்கொள்வதையும் சி99 தரம் 1999-லேயே விலக்கிவிட்டது. ஜிசிசி கம்பைலரோ வார்னிங்கோடு விட்டுவந்தது. 2024 மே மாதம் வந்த 14-ஆம் பதிப்பில்தான் பிரம்பை எடுத்தது.

அந்தக் கண்டிப்பில் நியாயம் இருக்கிறது. 'கெட்என்வி' பங்ஷனுக்கு உரிய 'எஸ்டிடிலிப்' ஹெடரைச் சேர்க்காவிட்டால், அது இன்ட் தருகிறது என்று பழைய கம்பைலர் தானாக முடிவுகட்டும். உண்மையில் அது தருவது பாயின்டர். 64 பிட் லினக்ஸில் பாயின்டர் 8 பைட், இன்ட் 4 பைட். முகவரியில் பாதி போய்விடும். நிரல் எங்கோ போய் விழும். மருந்து, ஒரே ஒரு ஹெடர் வரி.

எனக்கு மிகவும் பிடித்தது, பில்டுக்கு முன் ஓடும் கான்பிகர் ஸ்கிரிப்டில் நடக்கும் துப்பறிதல். ஒரு வசதி கணினியில் உண்டா என்று பார்க்க அது குட்டி நிரல் ஒன்றை எழுதி கம்பைல் செய்யும். பழைய ஸ்கிரிப்ட் என்றால் அதில் மெயினுக்கு முன்னால் இன்ட் இராது. கம்பைலர் அதற்காக மறுக்கும். ஸ்கிரிப்டோ வசதியே இல்லை என்று குறித்துக்கொள்ளும். எரர் வராது, பில்டும் முடியும், வசதி மட்டும் காணாமல் போயிருக்கும். பெடோரா லினக்ஸ் குழுவினர் இதைப் பிடிக்கவே கம்பைலரில் தனிக் கண்காணிப்பு வைத்தார்கள். என்னைப் போன்றவர்கள் பழைய, புதிய லாக் கோப்புகளை அருகருகே வைத்து, 'உண்டு' எங்கே 'இல்லை' ஆனது என்று வரி வரியாகத் தேடுகிறோம்.

2025-இல் வந்த ஜிசிசி 15, எந்தத் தரம் என்று சொல்லாவிட்டால் சி23 என்றே எடுத்துக்கொள்கிறது. முன்பு பங்ஷன் அறிவிப்பில் வெற்று அடைப்புக்குறிக்கு 'எதை வேண்டுமானாலும் கொடு' என்று பொருள். இப்போது 'எதுவும் கொடுக்காதே'. பழைய தரத்தைக் கேட்கும் கம்பைலர் பிளாக் ஒன்றைப் போட்டுத் தப்பிக்கலாம். நள்ளிரவில் நானும் போட்டிருக்கிறேன். தேர்ந்த கை அப்படிச் செய்யாது. ஒவ்வோர் அழைப்பையும் தேடிப் படித்து, உண்மையில் என்ன போகிறதோ அதை அடைப்புக்குள் எழுதும்.

சமீபத்தில் பார்த்த ஒரு பேட்சில், நிரலை முதலில் எழுதியவர் ஹெடர்களை அகரவரிசையில் அடுக்கியிருந்தார். புது வரி கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை; 'எஸ்டிடிஐஓ'வுக்கும் 'ஸ்டிரிங்'குக்கும் நடுவே, தன் இடத்தில் 'எஸ்டிடிலிப்' உட்கார்ந்திருந்தது.