குளிர்ச்சியும் குத்தகையும்

பிறர் உடைமையை வைத்துப் பிழைத்து, அதற்குரிய பலனை உடையவருக்கு அளந்து கொடுப்பது காவிரிப் படுகை மக்களுக்குப் புதிய வழக்கமன்று. வாரத்துக்கும் குத்தகைக்கும் உள்ள பேதத்தை எழுத்தறியாத உழவனும் தெளிவாக அறிந்திருந்த இந்த நெல்வளநாட்டில், இன்று கல்யாண மண்டபத்துக்கும் துணிக்கடைக்கும் குளிர்சாதனங்களை வாடகைக்கு அமர்த்துகிறார்கள். இவ்வழக்கத்தின் அனுகூலங்களையும் குறைகளையும் அந்தப் பழைய அனுபவத்தைக் கொண்டே நிறுத்துப் பார்ப்பது பொருத்தமாகும்.

ஆடியிலும் மார்கழியிலும் பூட்டிக் கிடக்கும் ஒரு மண்டபத்தில், வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்காக மட்டும் லட்சக்கணக்கான ரூபாயை முடக்குவது விவேகமாகாது. துணிக்கடைக்காரர் நிலையும் ஏறக்குறைய இதுவே: மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து குறுவை கைகொடுத்தால் தீபாவளி வியாபாரம் செழிக்கும், தண்ணீர் பொய்த்தால் கடைத்தெரு வெறிச்சோடும். கடனுக்கு வாங்கிய சாதனத்தின் தவணை அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து வருவதில்லை. வாடகைச் சாதனத்தையோ, ஒப்பந்தம் இடங்கொடுக்குமாயின், நலிந்த பருவத்தில் திருப்பியனுப்பிவிடலாம். வியாபாரத்துக்காகக் கொடுத்த வாடகை அவ்வாண்டுச் செலவாகவே கணக்கில் ஏறும். சொந்தச் சாதனத்தின் விலையோ தேய்மானமாகச் சிறிது சிறிதாகவே கழியும்.

ஆயினும் இவ்வனுகூலங்கள் தாமாக வந்து சேர்வதில்லை. கும்பகோணத்தை அடுத்த ஒரு மண்டபத்தில், உறவினர் இல்லத் திருமணத்துக்கு முதல்நாள் மாலை, இரண்டு டன் டவர் ஏசிகள் நான்கு, லாரியில் வந்து இறங்கின. விடிகாலை முகூர்த்தத்தில் ஐந்நூறு பேர் கூடியிருக்க, ஹோமப் புகை வெளியேறும்பொருட்டுக் கதவுகளெல்லாம் திறந்திருக்க, சாதனங்கள் ஓயாமல் ஓடியும், வடிகுழாயின் கீழ் வைத்த வாளி நிரம்பி வழிந்ததேயன்றி மாப்பிள்ளையின் நெற்றி வியர்வை அடங்கவில்லை.

அந்த வாளித் தண்ணீரில் ஒரு பாடமிருக்கிறது. 1902-இல் அமெரிக்காவின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் தம் சாதனத்தை வகுத்தது, மனிதருக்குக் குளிர்ச்சியூட்டவன்று. காகிதத்தைக் கெடுத்த ஈரத்தை அடக்கவே. வயல் சூழ்ந்த நம் ஊர்களின் காற்றில் ஈரம் மிகுதியாதலின், சாதனத்தின் உழைப்பில் கணிசமான பங்கு அதை வடிப்பதிலேயே கழிகிறது. ஒரு டன் என்பது, ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுகையில் ஏற்கும் வெப்பம், சுமார் 3.5 கிலோவாட். அமர்ந்திருக்கும் ஒருவர் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளியிடுகிறார் எனில், 500 பேரின் உடற்சூட்டுக்கே 14 டன் வேண்டும், வந்திறங்கியதோ எட்டு. கூடத்தின் சதுர அடியைக் கேட்டவர்கள் ஆள்கணக்கைக் கேட்கவில்லை.

இதனினும் ஆழமான குறை வேறொன்று. சாதனத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர். அதன் மின்கட்டணத்தைச் செலுத்துபவர் இன்னொருவர். எந்தச் சாதனமாயினும் வாடகை வந்துவிடுமாதலின், பழையதையே அனுப்ப, வாடகைக்கு விடுபவர் மனம் நாடுவது இயல்பு. அதில் ஐந்து நட்சத்திரச் சீட்டு ஒட்டியிருப்பினும், அத்தரநிர்ணயம் காலந்தோறும் கடுமையாக்கப்படுவதால், அன்றைய ஐந்து இன்றைய ஐந்தாகாது. பழையது மணிக்கு அரை யூனிட் கூடுதலாக இழுக்குமாயின், நாளுக்கு 10 மணி வீதம் 300 நாளில் 1,500 யூனிட் ஏறும். வாடகை குறைவென்று மகிழ்ந்த கடைக்காரர், மிச்சத்தை மீட்டருக்குக் கொட்டிக் கொடுக்கிறார். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே கைவிடப்பட்டுவரும் ஆர்-22 வாயுவில் அது ஓடுவதாயின், கேஸ் நிரப்புவதும் நாளடைவில் சிரமமாகும்.

இங்கேதான் பழைய பேதம் துணைக்கு வருகிறது. குத்தகையில், விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய நெல்லை அளந்தாக வேண்டும்; வாரத்திலோ விளைவு குறைந்தால் இருவர் பங்கும் குறையும். குளிர்சாதன வாடகை இன்று குத்தகையாகவே நடக்கிறது. அதில் வாரத்தின் நியாயம் நுழைய வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். பேசிய அளவுக்கு மேல் மின்சாரம் செலவானால் அதில் ஒரு பகுதியை விடுபவரும் ஏற்பாரானால், நல்ல சாதனத்தை அனுப்புவதில் அவருக்கும் அக்கறை பிறக்கும். வடிகட்டியைக் கழுவுவது யார் கடமை, பழுதானால் எத்தனை மணிக்குள் மாற்று வரும், பருவத்தின் நடுவே திருப்பினால் முன்பணம் என்னாகும் என்பனவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

எழுதாத குத்தகையின் துன்பத்தை இந்த மண் அனுபவித்தே அறியும். தலைமுறையாக உழுதவன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லாமற்போன கொடுமைக்குப் பின்னரே, 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் வந்தன. உழவனின் துயரத்தோடு வியாபாரியின் நஷ்டத்தை ஒப்பிடலாகாது. ஆனால் பாடம் ஒன்றே. ஆண்டு முழுதும் ஓடும் சாதனத்தை, கைப்பொருள் இருப்பின் வாங்குவதே நன்று. சில மாதத் தேவைக்கு வாடகையே உசிதம். வாடகைக்கு எடுப்பவர், லாரியிலிருந்து சாதனம் இறங்குமுன் ஒப்பந்தத்தை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கையெழுத்திடுவாராக.