எண்ணக்கூடாத நாற்காலிகள்

இங்கிலீஷ் இலக்கணப் புத்தகங்களில் ஒரு சூத்திரம் உண்டு: எண்ணக்கூடிய பொருளுக்குப் பன்மை உண்டு, எண்ண முடியாததற்குக் கிடையாது. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் நாற்காலியை எண்ணலாம், மேஜையை எண்ணலாம். இரண்டையும் சேர்த்து 'பர்னிச்சர்' என்றதும் எண்ணக்கூடாதாம்! கோதுமைக்கு அவர்கள் சொல்லும் 'வீட்' ஒருமை, 'ஓட்ஸ்' பன்மை. வித்தியாசம் தானியத்திலா இருக்கிறது?

நாம் தகவல்கள் என்கிறோம், புத்திமதிகள் என்கிறோம். அதே நினைப்பில் 'இன்பர்மேஷன்ஸ்', 'அட்வைஸஸ்' என்று எழுதிய பையனுக்குச் சிவப்பு மை கிடைக்கிறது. அவன் எழுதியது தப்புதான். ஆனால் அசட்டுத்தனமல்ல, சூத்திரத்தை நம்பிவிட்டான், அவ்வளவே.

ஜப்பானில் இங்கிலீஷ் கற்பித்த ஹார்ன்பி இதை உணர்ந்தவர். இரண்டு சகாக்களுடன் அவர் தொகுத்து 1942-ல் டோக்கியோவில் வெளியான அகராதி, பெயர்ச்சொற்களுக்கு 'சி', 'யு' என்று அடையாளமிட்டது. 1948-ல் ஆக்ஸ்போர்டும் அதை வெளியிட்டது. பொருளின் குணத்தை விட்டுச் சொல்லின் வழக்கத்தைப் பார்த்ததுதான் அதன் பெருமை. 'பேப்பர்' காகிதமானால் எண்ணுவதில்லை; செய்தித்தாளானால் எண்ணலாம். ஒரே சொல்தான்.

ஆனால் அடையாளம் வழக்கத்தைச் சொல்லுமே தவிர, காரணத்தைச் சொல்லாது. அதை வாக்கியங்களைப் படித்துப் படித்துத்தான் பழக வேண்டும். நாமும் 'நூறு ரூபாய்' என்றுதானே சொல்கிறோம்? 'நூறு ரூபாய்கள்' என்கிற வெள்ளைக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறோம். காரணம் கேட்டால் விழிக்கிறோம். நம் பையனைத் திருத்தும்போதும் அது நினைவிருந்தால் நல்லது.