தேய்மானம் போட முடியாத சொத்து

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாற்பத்து நாலு வயசு, காலையில் சர்க்கரை மாத்திரை, இஸ்திரி போட்ட சட்டை, பையில் சிவப்புப் பேனா, இவ்வளவையும் வைத்துக்கொண்டு, இருபத்தாறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அதிரம்பாக்கத்துச் சரளை மண்ணில் நான் குப்புறப் படுத்தேன். எதற்கு? ஒரு கல்லைப் பார்க்க. இன்னொரு தரம் போனாலும் படுப்பேன்.

நான் வணிகவியல் வாத்தியார். திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே ஒரு கலைக் கல்லூரி. எங்கள் பிள்ளைகளின் அப்பாக்களில் நிறையப் பேர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் போகிறவர்கள், சிலர் காக்களூர் தொழிற்பேட்டை, மிச்சம் பேர் நெல்லும் வேர்க்கடலையும். ஒரு நாள் தேய்மானம் நடத்திக்கொண்டிருந்தேன். நேர்க்கோட்டு முறை. இயந்திரத்தின் அடக்கவிலை, ஆயுட்காலம் பத்து வருஷம், கடைசியில் எறிமதிப்பு இவ்வளவு என்று பலகையில் எழுதும்போது, பூண்டிப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பையன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தான். "சார், எங்க ஊர்ப் பக்கம் பதினஞ்சு லட்சம் வருஷத்துப் பழைய டூல் இருக்கு. அதுக்கு எப்படி சார் தேய்மானம் போடறது?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னேன். ராத்திரி சும்மா பார்க்கலாமே என்று போனை எடுத்தவன் வைத்தபோது மணி இரண்டரை.

நீங்களே சொல்லுங்கள், எப்படித் தூங்குவது? ராபர்ட் புரூஸ் ஃபூட் என்று ஒரு நிலவியல் ஆய்வாளர். 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்தில் ஒரு கல்லைப் பொறுக்குகிறார், பார்த்தால் மனிதக் கை செதுக்கிய கருவி. அப்போது அவருக்கு 28 வயசுதான், எங்கள் கெஸ்ட் லெக்சரர் வயசு. அதே வருஷம் செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் வந்து அதிரம்பாக்கத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அப்புறம் 1999-லிருந்து தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே குழி வெட்டி, மண்ணுக்குள் புதைந்த குவார்ட்ஸில் இருக்கிற அலுமினியம்-26, பெரிலியம்-10 அணுக்கள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று கணக்குப் பார்த்து, 2011-ல் சயின்ஸ் இதழில் போட்டார்கள்: சுமார் 15 லட்சம் ஆண்டு. அந்தப் பையன் ஒரு சைபர்கூடக் கூட்டிச் சொல்லவில்லை! மறுநாள் தோசைக் கல்லுக்கு முன்னால் நின்று மனைவியிடம் முழுக்கச் சொன்னேன். "இன்னொண்ணு போடவா?" என்றாள்.

கல்லூரிக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் பையனைக் கூப்பிட்டு வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். மத்தியானத்துக்குள் ஒரு தாளில் பதினோரு கையெழுத்து. மன்றம் ஆரம்பிக்கணுமாம், நான் ஒருங்கிணைப்பாளராம். தொல்லியலில் எனக்கு என்ன தெரியும் என்றேன். "எங்களுக்கும் தெரியாது சார், அதனாலதான் மன்றம்" என்றாள் ஒரு பெண்.

முதல்வர் அறையில் ஒரே கேள்வி: "இதால நாக் மதிப்பீட்டுக்கு ஏதாவது உண்டா?" உண்டு என்று சொல்லிவைத்தோம். இந்த மாதிரி மன்றமெல்லாம் மூன்று மாதத்தில் படுத்துவிடும் என்றார். அப்போதுதான் அந்தப் பெண் எடுத்துவிட்டாள், சென்னையில் 1988-ல் கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து ஆரம்பித்த ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் கதையை. ஆமை முட்டையிடும் மாதங்களில் ராத்திரி ராத்திரியாகக் கடற்கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுவார்கள். ஆரம்பித்த பிள்ளைகள் எப்போதோ படித்து முடித்துப் போய்விட்டார்கள், அதற்கப்புறமும் புதுப் புதுப் பிள்ளைகள் வந்து நடந்துகொண்டே இருந்தார்கள். முதல்வர் பேனாவைத் திறந்தார். என்ன பேர் வைப்பது என்று ஒரு வாரம் சண்டை, கடைசியில் அலுத்துப்போய்த் தொல்லியல் மன்றம் என்று வெறுமனே எழுதி மாட்டினோம்.

இனிமேல்தான் விஷயம். ஒரு டிசம்பர் சனிக்கிழமை, கல்லூரி பஸ். பஸ் ஒன்றரை மணி நேரம் லேட், சாம்பார் சாதம் யாருடைய பையிலோ கசிந்து பஸ் முழுக்கப் பெருங்காய வாசனை, அதையெல்லாம் விடுங்கள். பூண்டி ஏரி வந்தது. 1944-ல் கட்டி முடித்த ஏரி, சத்தியமூர்த்தி சாகர் என்று பேர், சென்னைக்காரர்கள் குடிக்கிற தண்ணி. அதன் பக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1985-லிருந்து வைத்திருக்கிற சின்ன அருங்காட்சியகம். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகக் கைக்கோடரிகள். ஒரு முனை கூர், இன்னொரு முனை உள்ளங்கைக்கு அடங்குகிற மாதிரி உருண்டை. பார்க்கப் பார்க்க என் வலது கை தானாக அந்த வடிவத்துக்கு மடங்கியது. திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் கையும் அப்படியே மடங்கியிருக்கிறது!

அப்புறம் அதிரம்பாக்கம். இப்போது கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பாருங்கள். முள்ளுப் புதர், மழைத் தண்ணி அரித்து அரித்துப் போட்ட ஓடைகள், காலடியில் நறநறவென்று சரளை, எங்கேயோ ஆடு மேய்க்கிறவர் ஒரு அதட்டல், அவ்வளவுதான், வேறு ஒன்றுமே கிடையாது, ஒரு பெட்டிக்கடைகூடக் கிடையாது. ஒன்றையும் எடுக்கக் கூடாது, தொடக்கூடாது, போட்டோ மட்டும்தான் என்று பஸ்ஸிலேயே மூன்று தரம் சொல்லிவிட்டேன். பத்து நிமிஷம் எல்லோருக்கும் எல்லாக் கல்லும் கல்லாகத்தான் தெரிந்தது, எனக்குள் ஒரு பயம், பிள்ளைகளை வெயிலில் இழுத்துக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டோமோ என்று. அப்போதுதான் அந்தப் பெண், கும்மிடிப்பூண்டியிலிருந்து வருகிறவள், அப்பா லேத்து ஓட்டுகிறவர், ஒரு ஓடைக் கரையில் உட்கார்ந்துகொண்டு மெதுவாக, சத்தமே இல்லாமல், "சார், இங்க வாங்க" என்றாள். ஓடினேன். மண்ணில் பாதி புதைந்த ஒரு கல், பழுப்பு நிறம், வெயிலில் ஒரு விளிம்பு மட்டும் கோடு இழுத்த மாதிரி. "ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அடிச்சிருக்காங்க சார், பாருங்க, இந்தப் பக்கம் ஒரு சில்லு, அந்தப் பக்கம் ஒரு சில்லு, தானா உடைஞ்சா இப்படி வராது." அப்போதுதான் நான் படுத்தேன். கன்னம் மண்ணில் பட, மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் அந்த விளிம்பு. எறும்பு ஒன்று அதன் மேல் ஏறிப் போனது. பத்தொன்பது வருஷமாகப் பத்து வருஷ ஆயுள், பத்து வருஷ ஆயுள் என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தவன் நான், இங்கே ஒரு கருவி, எத்தனை லட்சம் வருஷத்துக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து செய்து போட்டுவிட்டுப் போனது, இன்றைக்கும் விரலை வைத்தால் கீறும் போலிருக்கிறது, எந்த முறையில் எழுதித் தள்ளுவது இதை? கண்ணில் தண்ணி வந்துவிட்டது. தூசி என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை.

இன்னொன்று கேளுங்கள். பெரிய கருவிக்கான கல்லெல்லாம் அந்த இடத்தில் கிடையாதாம், வெளியிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. சரக்கை உள்ளே கொண்டுவருகிற செலவுக்கு எங்கள் கணக்கில் ஒரு பேர் உண்டு, நான் கத்தியே விட்டேன்: "உள்தூக்குக் கூலி!" பி.காம் பிள்ளைகள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், வரலாறு பிள்ளைகள் முழித்தார்கள். மூலப்பொருள் வெளியூர், உற்பத்தி உள்ளூர். நம் சிப்காட்டும் அப்படித்தானே! அன்றைக்கு ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் 340 போட்டோ. ஏறக்குறைய நூறில் என் முதுகு.

ஆசை அடங்குமா? அடுத்த கூட்டத்தில் நாமே ஒன்று செய்து பார்த்தால் என்ன என்று கிளம்பியது. நல்ல கல்லுக்கு எங்கே போவது? கல் செதுக்கிப் பழகுகிறவர்கள் உடைந்த பீங்கானிலும் பழகுவார்கள் என்று படித்திருந்தேன். ஆண்கள் கழிப்பறையில் கழற்றிப் போட்டிருந்த பழைய வாஷ்பேசின் ஞாபகம் வந்தது. அட்டெண்டரிடம் கெஞ்சி வாங்கி, நன்றாகக் கழுவி, விளையாட்டுத் திடல் ஓரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தோம். ஆளுக்கொரு கூழாங்கல், கண்ணுக்குக் கிளாஸ், கைக்குக் கிளவுஸ். டம் டம்மென்று ஒரு மணி நேரம் அடித்ததில் கிடைத்தது பீங்கான் பொடியும், கிளவுஸையும் மீறி நீலம் பாய்ந்த என் கட்டைவிரல் நகமும். அந்த நகம் விழுகிற வரைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு அந்தப் பெண்ணைக் கூட்டிப் போக அவள் அப்பா வந்திருந்தார். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த முகம். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் குந்தினார். மகள் தன் கிளாஸையும் கிளவுஸையும் கழற்றிக் கொடுத்தாள். பீங்கான் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். கூழாங்கல்லால் விளிம்பை நாலு தரம் தேய்த்தார். அப்புறம் ஒரே ஒரு அடி. சிலுக்கென்று ஒரு நீளச் சில்லு உரிந்து சாக்கில் விழுந்தது. துண்டைத் திருப்பினார், மறுபக்கம் இன்னொன்று.

"சார், நீங்க சும்மா போட்டுத் தட்டறீங்க. விளிம்பு தொண்ணூறு டிகிரிக்கு உள்ள இருந்தாத்தான் சில்லு உரியும். டூல் பிட் கிரைண்ட் பண்றப்போ நாங்க முதல்ல பாக்கறதே ஆங்கிள்தான்."

பிள்ளைகள் சத்தமே இல்லாமல் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவள் மட்டும் கூழாங்கல்லைக் கீழே வைத்துவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எத்தனை வருஷத்து வேலைன்னீங்க?" என்றார்.

"பதினஞ்சு லட்சம்."

கண்ணிலிருந்த கிளாஸைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார். "அப்ப அவங்களுக்கு இதெல்லாம்?"

"கிடையாதுங்க."

'த்சொ' என்று நாக்கைத் தட்டிவிட்டு, அடுத்த அடிக்கு விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தார்.