மேரியை மறந்த வாசகர்கள்

ஆர்தர் மேக்கன் எழுதிய ‘தி கிரேட் காட் பான்’ என்னும் ஆங்கிலக் குறுநாவல் 1894-ல் லண்டனில் வெளிவந்தது. அன்று தொட்டு வாசகர் அதனைக் குறித்துக் கூறிவரும் கருத்துகளைத் தொகுத்து நோக்கின் ஒன்று புலனாகின்றது. புகழ்ந்தோரும் இகழ்ந்தோரும் பெரும்பாலும் நூலின் பிற்பகுதியையே பேசியுள்ளனர். முதல் அத்தியாயத்தில் நிகழ்ந்த கொடுமையை விரைவாகக் கடந்து சென்றுவிட்டனர்.

மன்திக் பாடத்தில் ‘ஈஸாகூஜி’ ஓதியோர் கிரேக்கரின் தர்க்கத்தை அறிவர். அவர்களின் தெய்வக் கதைகளை அறிந்திருக்க வேண்டியதில்லை. அப்பாஸியர் கால மொழிபெயர்ப்பாளர்கள் அரிஸ்டாட்டிலையும் காலெனையும் அரபுக்குக் கொண்டுவந்தனர். ஹோமரின் இலியட் அரபுச் செய்யுளாக முழுமையாக வெளிவருவதற்கோ 1904-ல் சுலைமான் அல்-புஸ்தானி வரவேண்டியிருந்தது. எனவே பான் யார் என்பதைச் சொல்லிவிடுவோம். ஆட்டின் கால்களும் கொம்புகளும் உடைய, மேய்ப்பர்களும் காடுகளும் சார்ந்த தெய்வம் அவன். காரணமற்ற பெருந்திகிலைக் குறிக்கும் ‘பேனிக்’ என்ற ஆங்கிலச் சொல் அவன் பெயரிலிருந்து பிறந்தது.

கதை இதுதான். டாக்டர் ரேமண்ட் என்பவர், புலன்களுக்கு அப்பாலுள்ள உலகைக் காணும்படி மனித மூளையைத் திருத்தலாம் என நம்புகின்றார். தெருவில் பசியால் மடிய இருந்த குழந்தையாகத் தாம் மீட்டு வளர்த்த மேரி என்னும் இளம்பெண்ணின் மூளையில் கத்தி வைக்கின்றார். அவள் பானைக் காண்கின்றாள். அக்கணமே அறிவு பேதலிக்கின்றது. ஒன்பது மாதங்களில் ஹெலன் என்னும் மகளைப் பெற்றுச் சில நாட்களில் இறந்துபோகின்றாள். ஹெலன் வளர்ந்து லண்டனுக்கு வர, அவளோடு பழகிய கனவான்கள் ஒருவர்பின் ஒருவராகத் தற்கொலை செய்துகொள்கின்றனர். இறுதியில் இரு ஆடவர் அவளைத் தூக்குக் கயிற்றுக்கு நிர்ப்பந்திக்க, அவள் உடல் ஆணாகவும் பெண்ணாகவும் விலங்காகவும் உருமாறிக் கரைகின்றது.

அக்காலத்து விமர்சகர் பலர் இதனை அருவருப்பான நூல் என்று ஒதுக்கினர். மேக்கன் சளைத்தவரல்லர். தமக்கு வந்த வசைகளையெல்லாம் திரட்டி 1924-ல் தனி நூலாகவே அச்சிட்டுவிட்டார்! அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட், 1927-ல் வெளிவந்த தம் கட்டுரையில், இதன் படிப்படியாக வளரும் அச்சத்தை வியந்தார். தற்செயல் நிகழ்வுகள் அளவுமீறியிருப்பதையும் மறைக்கவில்லை. ஸ்டீபன் கிங்கோ ஆங்கிலத் திகில் கதைகளுள் இதுவே தலைசிறந்ததாகவும் இருக்கலாம் என்றார். இக்கால வாசகர் சிலருக்கு இது சலிப்பூட்டுகின்றது: ஒன்றையும் நேரே காட்டாமல் யாரோ கண்டதை யாரோ சொல்வதாகவே கதை நகர்கின்றதே என்பது அவர்கள் குறை. இக்குறையை நாம் ஏற்பதற்கில்லை. காட்டியிருந்தால் பான் வெறும் கொம்பு முளைத்த பூதமாகச் சுருங்கியிருப்பான்.

பெண்ணைக் குறித்த அச்சமே இக்கதையின் ஊற்று என வாதிடும் வாசகர் மேரியின் அருகில் வருகின்றனர். எனினும் அவர்களும் ஹெலனிடமே தங்கிவிடுகின்றனர். தாம் காப்பாற்றிய உயிர் ஆதலால் அதனைத் தம் விருப்பப்படி பயன்படுத்தலாம் என்று ரேமண்ட் வெளிப்படையாகவே கூறுகின்றார். மேரி சம்மதித்தாள் என்பது உண்மை. உணவும் உறைவிடமும் அன்பும் ஒருவரிடமிருந்தே பெற்றவள் அவரிடம் மறுத்துரைக்க எங்ஙனம் இயலும்? அநாதையின் பொறுப்பேற்றவருக்கு அவளுடைய பொருள்கூட அமானிதமே என்று கற்பிக்கும் சட்ட மரபில் பயின்ற நமக்கு, ரேமண்டின் அந்த வாக்கியமே நூலின் உச்சத் திகிலாகத் தோன்றுகின்றது. மூன்று நாள் கழித்து அவள் நிலையைக் காட்டி, வருந்தத்தக்கதுதான், ஆயினும் அவள் பானைக் கண்டுவிட்டாளே என்கின்றார் அவர். அத்தொனியில் ஒரு பரிசோதகனின் மனநிறைவு ஒலிக்கின்றது.

மேக்கன் இதனை அறிந்தே எழுதினார் என்பது நம் துணிபு. ஏனெனில் கதையின் கடைசிச் சொல்லை அவர் ரேமண்டின் கடிதத்துக்கே அளிக்கின்றார். தாம் செய்தது தவறு என அதில் அவர் ஒப்புகின்றார். ஆனால் கயிறு ஹெலனுக்கு மட்டுமே நீட்டப்பட்டது. ரேமண்டின் வாயிலை எவரும் தட்டவில்லை. நூலைப் படித்தோருள்ளும் அதனைக் கேட்டவர் சிலரே.