குடிலைச் சுற்றி ஒரு பிடி முளை

திருவருகைக் காலம் ஐரோப்பாவில் பனிக்கும் இருட்டுக்கும் உரியது. நமக்கு அது மழைக்காலம். நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமையில் அது தொடங்கும்போது தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் வடகிழக்குப் பருவமழை நடந்துகொண்டிருக்கும்; இலங்கையின் மன்னார்ப் பக்கம் வயல்கள் பச்சை பிடித்திருக்கும். கிறிஸ்து பிறப்புக்காக நான்கு ஞாயிறு காத்திருக்கும் இந்த வழக்கம், கடலின் இரு பக்கத்திலும், கைக்கு எட்டிய ஓலையையும் வைக்கோலையும் தானியத்தையும் கொண்டுதான் வீட்டு வழக்கமாயிற்று. எது எங்கே நிலைத்தது, எது எங்கே தேய்ந்தது என்று பார்த்தால், இரு நாட்டாரும் ஒருவரிடம் ஒருவர் கற்க வேண்டியவை சில தெரிகின்றன.

இரு கரைக்கும் உறவு பழையது. 1540களில் முத்துக்குளித்துறையில் உழைத்த பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவின் கையால்தான் மன்னார் மக்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாண ஆதீனமும் அதில் சேர்ந்தது. டிசம்பர் 3 சவேரியார் திருநாள். கோட்டாறு பேராலயத் திருவிழாவுக்காக அன்று குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அங்கே காத்திருப்பின் முதல் வாரமே திருவிழாக் கூட்டத்தோடுதான் பிறக்கிறது.

வீட்டுக்குள் இந்தக் காலத்தின் நடுப்பொருள் குடில். அதை மக்களிடம் கொண்டுவந்தவர் அசிசி நகர்ப் பிரான்சிஸ். 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அவர் வைத்தவை வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும்தான். தமிழ்நாட்டு வீடுகள் அதில் சேர்த்தது முளை. கேழ்வரகையோ கம்பையோ இரவு ஊறவைத்து, மணலும் தென்னைநார்க் கழிவும் பரப்பிய தட்டில் நெருக்கமாகத் தூவி, ஈரச் சாக்கால் மூடுவார்கள். வேர் பிடித்ததும் சாக்கை எடுத்துவிட வேண்டும். தண்ணீரை ஊற்றக் கூடாது. கையால் தெளிக்க வேண்டும், இல்லையென்றால் விதை ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். வெளிச்சம் படாமல் வைத்தால் முளை வெளிறி மஞ்சளாகும், திண்ணையில் வைத்தால் பச்சை ஏறும். ஒரு வாரம், பத்து நாளில் விரல் உயரம் வந்துவிடும். அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடும் ஊர்களில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பண்டிகை முடிந்ததும் முளை மாட்டுக்குப் போகும், மண் தொட்டிக்குத் திரும்பும். குப்பை என்று ஒன்று மிஞ்சாது.

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பாலன் குடிலுக்குக் கூரை கிடுகு அல்லது பனையோலை, உள்ளே வைக்கோல். தகரப் பேணியிலோ சிரட்டையிலோ நெல்லும் குரக்கன் எனும் கேழ்வரகும் முளைக்கவைப்பது அங்கும் உண்டு. ஆனால் இலங்கை வடக்கின் குடிலுக்கு எளிமையை வற்புறுத்தியது வரலாறு. போர் நடந்த 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் திரியுமாக எரிந்த விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள், குடும்ப செபமும் அந்த வெளிச்சத்தில்தான். அதே ஆண்டுகளில் குமரிக் கடற்கரை ஊர்களில் குடில் வீட்டைவிட்டு வெளியே வந்தது. இளைஞர் மன்றங்கள் போட்டி போட்டன. தெர்மகோல் மலையும் மோட்டார் அருவியும் சுழலும் பொம்மைகளும் சேர்ந்தன. பத்து நாள் பார்த்துவிட்டு உடைத்துப் போடும் தெர்மகோல் அடுத்த மழையில் ஓடை வழியாகக் கடலுக்குத்தான் போகிறது. வறுமையை மெச்சி எழுதுவது எளிது, அது என் நோக்கமில்லை. வசதி வந்தபின்னும் ஓலையையே வைத்துக்கொள்வதுதான் தெரிவு.

மரத்தின் கதை வேறு. பைன் மரம் இல்லாத நம் கரையோரங்களில் சவுக்குக் கொப்புதான் கிறிஸ்துமஸ் மரம். தமிழ்நாட்டின் கரையோர மாவட்டங்களில் சவுக்கு ஒரு பயிர். வெட்டுவார்கள், மறுபடி நடுவார்கள். அந்தத் தோப்பிலிருந்து ஒரு கிளை வாங்குவதில் குற்றமில்லை. கடலோரம் காற்றைத் தடுக்க நட்ட சவுக்கில் கைவைப்பது வேறு. இந்தப் பருவத்தில் கடல் என்ன செய்யும் என்பது இரு நாட்டுக்கும் தெரியும். 1964இல் கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கையில் ஒரே புயல் வட இலங்கையைக் கடந்து வந்து தனுஷ்கோடியை அழித்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி இரு கரையையும் ஒரே காலையில் அடித்தது. 2017இல் திருவருகையின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்புவார்களா என்று குமரியின் மீனவக் குடும்பங்கள் அன்று கரையில் காத்திருந்தன.

அடுக்களையில் வேற்றுமை குறைவு. நாகர்கோவில் வீட்டில் முந்திரிக்கொத்து: வறுத்த பாசிப்பயறும் தேங்காயும் வெல்லமும் சேர்த்து உருட்டி, அரிசி மாவில் தோய்த்து எண்ணெயில் போடுவது. யாழ்ப்பாணத்துப் பயத்தம் பணியாரத்துக்கும் கைப்பக்குவம் ஏறக்குறைய அதுவே; சீனியும் மிளகும் சீரகமும் வாசத்தை மாற்றுகின்றன. இலங்கையின் நத்தார் (கிறிஸ்துமஸ்) கேக்கில் ரவையும் கஜு எனும் முந்திரியும் பூசணிப் பாகும் இஞ்சிப் பாகும் சேரும். அதற்கான பழங்களைப் பல நாள் முன்பே நறுக்கி ஊறப்போடுகிறார்கள். காத்திருப்பை நாக்கு அறியும் இடம் அது.

காத்திருப்பு கெடும் இடமும் இரு பக்கமும் உண்டு. இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில் டிசம்பர் முதல் வாரங்களிலேயே கிறிஸ்து பிறப்புக்கான ஒளிவிழா நடந்து, நத்தார்த் தாத்தா பரிசு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். தமிழ்நாட்டில் மாதம் பிறந்ததும் கேரல் ரவுண்ட்ஸ், ஒலிபெருக்கி. ஆலயத்தில் திருவருகை ஞாயிறுகளில் வானவர் கீதத்தைக் கூடப் பாடாமல் பிறப்பு விழாவுக்கு வைத்திருக்கிறார்கள். வெளியே பண்டிகை பாதி முடிந்திருக்கிறது.

பிளாஸ்டிக் அலங்காரத்தைத் தடுக்கும் சட்டத்தில் இலங்கை ஒரு படி முந்திக்கொண்டது. சமய, அரசியல், பண்பாட்டு நிகழ்வுகளில் பொலித்தீன் அலங்காரத்தை அது 2017 செப்டம்பரிலேயே தடை செய்தது. தமிழ்நாட்டின் 2019 சனவரித் தடை பை, தட்டு, குவளை, உறிஞ்சுகுழல், கொடி போன்ற ஒருமுறைப் பொருள்களைப் பற்றியது. கடையில் தொங்கும் பிளாஸ்டிக் நட்சத்திரத்தை அது தொடவில்லை. பௌத்தர்களின் வெசாக் வெளிச்சக்கூட்டுக்கு மூங்கில் சீவி டிசுத் தாள் ஒட்டும் நாட்டில் நட்சத்திரத்துக்கும் அந்தக் கைவேலை போதும். தமிழ்நாட்டிலும் மூங்கில் நட்சத்திரம் கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நான்கு மெழுகுதிரி வைக்கும் வளையத்தையும் சொல்ல வேண்டும். 1839இல் ஹாம்பர்க்கில் விஹெர்ன் என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் ஏற்றிய திரிகளிலிருந்து வந்த வழக்கம் அது. பின்னாளில் அதைச் சுற்றியது அவர்கள் ஊர் ஊசியிலை. நாம் அந்த இலையைப் பிளாஸ்டிக்கில் வாங்கிச் சுற்றுகிறோம். மாவிலையும் துளசியும் குரோட்டனும் முற்றத்திலேயே இருக்கின்றன.

தமிழ்நாட்டு வீடுகள் இலங்கையிடமிருந்து அலங்காரத்துக்கு எல்லை வைக்கக் கற்கலாம். இலங்கை வீடுகள் முளைத்தட்டை இன்னும் உரிமையோடு எடுத்துக்கொள்ளலாம். திருவருகையின் மூன்றாம் ஞாயிறு, இளஞ்சிவப்புத் திரி ஏற்றும் நாள், டிசம்பர் 11க்கும் 17க்கும் இடையில் வரும். அன்று பிள்ளைகள் கையால் ஒரு பிடி கேழ்வரகைத் தூவச் சொல்லுங்கள். குடிலுக்குப் பச்சை வேண்டிய நாளில் அது தயாராக இருக்கும்.